வால் விளக்குக்கு ஒரு கட்டை

பேசாலைக் கரையில் ஒரு போட் எஞ்சின் இருமினால், அது என்ன வருத்தத்துக்கு இருமுகிறது என்று தெருவில் நின்றே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லுறான் என்று நினைப்பீர்கள். ஓம், பெருமைக்குத்தான் சொல்லுறன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இன்றைக்குச் சொந்தப் பட்டறையும் மாடி வைத்த வீடும் இருக்குதென்றால் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லுறது? ஆனால் இப்போது சொல்ல வந்தது ரயில் கதை. முழங்கை நீளத்துக்கு ஒரு ரயில். கையிலே திருப்புளி பிடித்த காலம் தொட்டு நான் செய்த வேலைகளில் இதைப்போல் என்னை ஆட்டிவைத்தது வேறொன்றும் இல்லை.

என்னுடைய மகள் கலியாணம் செய்து ஜெர்மனியில் இருக்கிறாள். மருமகன் அங்கே எஞ்சினியர், சின்ன ரயில்களில் பெரிய பைத்தியம். வீட்டின் கீழ் அறை முழுக்கத் தண்டவாளம்தானாம். அவர் தன் பழைய எஞ்சின் ஒன்று, சனம் ஏறுகிற பெட்டி ஒன்று, கொஞ்சத் தண்டவாளம், கையில் வைத்து ரயிலை ஓட்டுகிற பெட்டி எல்லாவற்றையும் எனக்குப் பார்சலில் போட்டு அனுப்பியிருந்தார். பார்சலை உடைத்த கையோடேயே நான் முடிவெடுத்துவிட்டேன். இந்த வருசம் கிறிஸ்மசுக்கு எங்கள் கோயில் பாலன் குடிலைச் சுற்றி ரயில் ஓடும்.

எங்கள் கோயிலில் குடில் கட்டுகிறவன் எத்தனையோ வருசமாய் நான்தான். ஒரு வருசம் தண்ணீர் விட்டு அதில் போட் ஓட விட்டேன், மடு மாதா கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கிக்கூடச் சனம் வந்து பார்த்தது. இந்த முறை கோயில் சபையில் ஒருவர் கேட்டார்: "பெத்லகேமுக்கு ரயில் எங்கை ஓடினது?"

"பெத்லகேமிலை பனையும் இல்லை. நான் குடிலுக்குப் பனையோலை மேஞ்சதை நீங்கள் கேக்கேல்லையே" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

முடியாத கதை வேறொரு வீட்டில் இருந்தது. என் மனைவியின் தமையன், என் மச்சான், தலைமன்னார் ரயிலில் கார்டாக இருந்தவர். யுத்தத்தில் பாதை அறுந்த பிறகு தெற்கே மாற்றலாகி, அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். சீனி வருத்தம் முற்றி இந்த வருச மாரி மழைக்கு முன்னம் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆசுப்பத்திரியால் வந்த நாள் தொட்டு மனிதர் தன் வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. அடுத்த ஒழுங்கையில் கோயில், பூசைக்கும் வரவில்லை. சக்கரக் கதிரை மூலையில் புதிதாகவே கிடந்தது.

நான் சாப்பாட்டு மேசையில் தண்டவாளத்தைப் பூட்டிக்கொண்டிருக்க, மனைவி வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, உந்த ரயிலைக் குடிலிலை நிக்கிற ஆடு மாட்டுக்குக் காட்டவோ இவ்வளவு பாடு? அண்ணையைக் கூட்டிவந்து காட்டுங்கோ. அவர் அந்தப் படலையைத் தாண்டி வந்தால் எனக்கு அது போதும்."

"சுவாமியார் தீர்த்தம் தெளிச்சுக் குடில் மந்திரிக்கிற அண்டைக்குக் கூட்டிக்கொண்டு வாறன்."

"எப்பிடி?"

"அது என்ரை வேலை."

எப்படி என்று எனக்குத் தெரியாது. எனக்கு எப்பவும் வாய்தான் முதலில் போகும், மற்றதெல்லாம் பின்னால் ஓடிவரும்.

இனி அந்த எஞ்சினின் வயிற்றைத் திறந்து காட்டுகிறேன். உள்ளே நகம் அளவு தகடு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் டிகோடர். ஓட்டுகிற பெட்டியிலிருந்து வருகிற கட்டளையைக் கேட்டு நடக்கிறது அதுதான். அதிலிருந்து வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா என்று மயிர் மாதிரி வயர்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்குக் கொழுவலாம். ஓட்டுகிற பெட்டியில் ஒரு திருகு, அதன் கீழே ஆர்மோனியத்தில் போல வரிசையாய் ஐந்து கட்டைகள். இடது அந்தத்தில் இருப்பது முன் விளக்குக் கட்டை. அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

எந்தக் கட்டையை அமத்தினால் எந்த விளக்கு எரியவேண்டும் என்பதை நாங்களே டிகோடருக்குள் எழுதிவைக்கலாம். இதைக் கேட்ட உடனே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போட்டில் ஒரு சுவிட்சை மாற்றவேண்டுமென்றால் பலகையைக் கழற்றி வயரை இழுத்து முதுகு முறிய வேண்டும். இதில் ஒரு எண்ணை மாற்றினால் காணும், அவ்வளவு போதும். எழுதிவைக்கிற இடத்தை மருமகன் 'சீவி' என்பார். நான் அதற்கு மேசை இழுப்பறையைப்போல லாச்சி என்று பெயர் வைத்துக்கொண்டேன். முன் விளக்குக் கட்டைக்கு முன்னே போக ஒன்று, பின்னே போக ஒன்று என்று முப்பத்துமூன்றும் முப்பத்துநாலும். ஒன்றாம் கட்டைக்கு லாச்சி முப்பத்தைந்து. அப்படியே போய் நாலாம் கட்டைக்கு முப்பத்தெட்டு.

லாச்சிக்குள் போடுகிற எண்ணை விளக்கத்தான் மருமகன் போன் வீடியோவில் ஒன்றும் பூச்சியமுமாய் ஒரு தாள் நிறைய எழுதிப் பிடித்தார். வெள்ளை ஒன்று, மஞ்சள் இரண்டு, பச்சை நாலு, ஊதா எட்டு என்று வர, நான் நிப்பாட்டச் சொன்னேன்.

"பச்சையும் ஊதாவும் சேந்து எரிய வேணுமெண்டால் பன்னிரண்டு. சரியோ?"

"மாமா, உதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"ஒரு மல்லிச் சாக்கு."

விசயம் இதுதான். பள்ளிக்கூடத்தை விட்ட நான் முதலில் நின்றது மன்னார் பசாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில், தராசடியில். அப்போது ராத்தலும் அவுன்சும், பதினாறு அவுன்சுக்கு ஒரு ராத்தல். பித்தளைப் படிக்கல் ஒரு அவுன்ஸ், இரண்டு, நாலு, எட்டு. அந்த நாலு கல்லையும் வைத்துக்கொண்டு ராத்தலுக்குக் கீழே நீங்கள் எந்த எடையைக் கேட்டாலும் நிறுத்துத் தருவேன். மூன்று அவுன்ஸ் மல்லிக்கு ஒன்றும் இரண்டும். பன்னிரண்டு அவுன்சுக்கு நாலும் எட்டும். ஜெர்மன்காரன் நகத்தளவு தகட்டுக்குள் வைத்திருப்பது எங்கள் முதலாளியின் படிக்கல் பெட்டி என்று கண்டபோது எனக்கு இருந்த புளுகத்தை, அந்தச் சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அந்தப் புளுகத்தில் ஒரு வேலை பார்த்தேன். எஞ்சின் முகத்தில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு வைத்து, பச்சை வயரிலும் ஊதா வயரிலும் கொழுவி, லாச்சி முப்பத்தைந்தில் பன்னிரண்டைப் போட்டேன். ஒன்றாம் கட்டையை அமத்த இரண்டும் சேர்ந்து எரிந்தன. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. தூக்கிக்கொண்டு நேரே மச்சான் வீட்டுக்குப் போய், விறாந்தையில் தண்டவாளத்தை விரித்து ஓட விட்டேன்.

மச்சான் கட்டிலில் இருந்தபடி திறந்த கதவால் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், உது என்ன?"

"பாத்தால் தெரியேல்லையோ? ரயில்."

"இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. உது என்ன ஐசே, கச்சதீவுக்கோ போகுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ றோலர் போட்டுக்கு நான் பூட்டிக்கொடுத்த விளக்கை, கை பழகின பழக்கத்தில் ரயிலுக்கும் பூட்டியிருக்கிறேன். மச்சான் சிரிக்கத் தொடங்கினார். தலையணையில் வைத்திருந்த அரைக்கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். யார் சிரிக்கிறது என்று பார்க்க அவர் பெண்சாதி, என் மச்சாள், குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தா.

சிரித்து முடிந்ததும் கார்ட் குரல் வந்தது. "அது கிடக்கட்டும். வால் விளக்கு எங்கை?"

"அது எதுக்கு?"

"எதுக்கோ? கடைசிப் பெட்டியிலை சிவப்பு விளக்கு. ஒவ்வொரு ஸ்டேசனிலையும் அதைத்தான் பாக்கிறது. அது வந்திட்டால் முழு வண்டியும் வந்திட்டுது. வரேல்லை எண்டால் எங்கையோ பெட்டி கழண்டு பாதையிலை நிக்குது. வால் விளக்கு இல்லாத வண்டியை நான் ஒரு நாளும் விட்டதில்லை."

"அப்ப கோயிலுக்கு வந்து நீரே விடும். வால் விளக்குக் கட்டை உம்மடை கையிலை. கார்டின்ரை வேலையை நான் செய்யேலாது."

"முதல்லை விளக்கைப் போடும், பாப்பம்" என்றார். எனக்கு அது காணும்.

அடுத்த நாள் போட் விளக்குகளைப் பிடுங்கிவிட்டுப் பின்பெட்டிக்கு வயர் இழுத்து, சிவப்பு விளக்கைப் பச்சை வயரில் கொழுவி, முப்பத்தைந்தில் நாலைப் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றாம் கட்டைதான் வால் விளக்கு. மச்சான் ஓட்டுகிற பெட்டியை வாங்கி மடியில் வைத்தார். அமத்தினார், முன் விளக்கு அணைந்தது. திரும்ப அமத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. விரல்கள் கட்டைகளுக்கு மேலே தடவித் தடவிப் போயின. பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டார்.

"கொண்டு போம்."

"ஏன் மச்சான்?"

"விரலெல்லாம் மரத்துப் போச்சு ஐசே. நடுவிலை இருக்கிறது பிடிபடேல்லை. கோயிலிலை சனத்துக்கு முன்னாலை நான் தடவிக்கொண்டு இருக்கவோ?"

காலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். விரலைப் பற்றி அவர் யாருக்கும் சொன்னதில்லை. தங்கச்சிக்குக்கூட, என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

நான் பெட்டியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். நடுக்கட்டைகள் ஒன்றும் பிடிபடாது, அது உண்மை. ஆனால் இரண்டு அந்தமும் பிடிபட்டது. விளிம்பு முடிகிற இடத்தில் கட்டை. இடது அந்தம் முன் விளக்கு, அது டிரைவர், நான். வலது அந்தம் நாலாம் கட்டை. அதில் வால் விளக்கை வைத்தால் கார்டுக்கு விரலே தேவையில்லை, உள்ளங்கை காணும். மோட்டார் சைக்கிளை நான் எப்படி ஓட்டி வந்தேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து லாச்சி முப்பத்தெட்டில் நாலைப் போட்டு நாலாம் கட்டையை அமத்தினேன். எரியவில்லை. எட்டு, பன்னிரண்டு, எரியவில்லை. விளக்கைக் கழற்றிப் பற்றரியில் பிடிக்க நல்லாய் எரிந்தது. அடுத்த நாள் பின்னேரம் குடில் மந்திரிப்பு.

"பிழைச்சுப் போச்சோ?" என்றாள் மனைவி.

"எனக்குப் பிழைக்காது."

அவள் உள்ளே போனதும் மருமகனுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, நாலாம் கட்டையிலை இருந்து கணக்கு மூண்டு இடம் தள்ளித்தான் தொடங்கும். அங்கை ஒண்டு போட்டால் அது முதலாவது வயர் இல்லை, நாலாவது வயர்."

இரண்டு தரம் சொல்ல வைத்தேன். மூன்றாம் தரம் அவர் வாயைத் திறக்க முன்னம் அந்த மன்னார்க் கடையின் பின்பக்கம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எங்கள் கடையில் இரண்டு தராசு. முன்னுக்குச் சின்னத் தராசு, மல்லி மிளகுக்கு. பின்னுக்குக் கருவாட்டுத் தராசு. பின் தராசில் அவுன்ஸ் கல் கிடையாது, அங்கே முதல் கல்லே அரை ராத்தல். முன் தராசில் அது எட்டு அவுன்ஸ், நாலாவது கல். ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் கட்டையெல்லாம் மல்லித் தராசில் நிறுக்கின்றன. நாலாம் கட்டை கருவாட்டுத் தராசுக்குப் போய்விட்டது. நாலு அவுன்ஸ் அங்கே நிறுக்கவே ஏலாது.

"அப்ப பச்சை வயர் நாலாம் கட்டைக்கு எட்டாது. விளக்கை ஊதாவுக்கு மாத்திப்போட்டு லாச்சியிலை ஒண்டு போட வேணும்" என்றேன்.

"அதைத்தான் மாமா நான் இவ்வளவு நேரமும் சொல்லுறன்."

"நானும் அதைத்தான் சொல்லுறன்" என்று போனை வைத்தேன்.

விளக்கை ஊதா வயருக்கு மாற்றி ஈயம் வைத்தேன். முப்பத்தைந்தில் பூச்சியம், முப்பத்தெட்டில் ஒன்று. கடைசிக் கட்டையை அமத்தினேன். பின்பெட்டியின் முதுகில் சிவப்பாய் ஒரு பொட்டு எரிந்தது. நான் போட்ட சத்தத்துக்கு மனைவி மாக்கையோடு ஓடிவந்தாள்.

அன்றிரவே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன், மச்சானுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்து, "வலது அந்தம்" என்று மட்டும் சொன்னேன். உள்ளங்கையை விளிம்பில் ஊன்றி அமத்தினார். எரிந்தது. அணைத்தார். எரித்தார். கொஞ்ச நேரம் அதே வேலையாய் இருந்தார்.

"மற்ற அந்தம்?"

"அது முன் விளக்கு. டிரைவர் நான்."

"நான் சொல்லாமல் வண்டியை எடுக்கப்படாது."

"ஓம் கார்ட் ஐயா."

அவர் உள்பக்கம் திரும்பி மச்சாளிடம் கேட்டார்: "என்ரை வெள்ளைச் சேட்டு அலுமாரியிலையோ கிடக்குது?"

அடுத்த நாள் பின்னேரம் ஆட்டோவில் ஏற்றினோம். படலையைத் தாண்டும்போது, சக்கரக் கதிரையைச் சரியாகக் கட்டவில்லை என்று என்னை ஏசிக்கொண்டே தாண்டினார். என் மனைவி அந்த ஏச்சைப் பாட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கோயில் நிறையச் சனம். சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் முன் விளக்கைப் போட்டேன். கதிரைக்குப் பக்கத்தில் நின்று, திருகில் ஒரு கையை வைத்துக்கொண்டு மச்சானைப் பார்த்தேன். பெட்டி அவர் மடியில். அவர் அமத்தவில்லை.

பின்னால் யாரோ, "கரண்ட் இல்லையோ?" என்றார்கள். சுவாமியார் திரும்பவும் பார்த்தார். விரல்தான் என்று நான் நினைத்தேன். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மச்சான் குனிந்து ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "டிரைவர், பெட்டி கொழுவேல்லை."

பார்த்தேன். எஞ்சினின் கொக்கி பின்பெட்டியில் மாட்டாமல் சும்மா முட்டிக்கொண்டு நின்றது. நான் திருகியிருந்தால் எஞ்சின் தனியே ஓடி, வயரை அறுத்துக்கொண்டு பெத்லகேமுக்குப் போயிருக்கும். சனம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு குனிந்து கொழுவினேன். என்னைப் பிழை பிடிக்கிற மனிதர் பேசாலையில் இவர் ஒருவர்தான், அவர் இருந்தால் எனக்கு நல்லது.

மச்சான் உள்ளங்கையை வலது அந்தத்தில் ஊன்றினார். சிவப்பு எரிந்தது. சேட்டுப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து நீளமாய் ஊதினார். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் நான் திருகினேன். ரயில் பனையோலைக்குக் கீழால் போய், பாலத்தால் ஏறி, ஆடு மாடெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கக் குடிலைச் சுற்றிவந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் முன் விளக்கைப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சனம் கேக் சாப்பிடப் போன பிறகு பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"நாளைக்கு முதல் வண்டி எப்ப?"

"காலமைப் பூசை முடிய."

"பூசைக்கு முன்னம் ஒருக்கால் ஓட்டிப் பாக்க வேணும். உம்மடை கொக்கியை நம்பேலாது. ஆட்டோவை நேரத்தோடை அனுப்பும்."

மனைவியிடம் திரும்பி, "சொன்னனானல்லோ" என்றேன். அவள் தமையனின் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனாள், ஓட்டுகிற பெட்டி அவர் மடியிலேயே போனது.