மகளைத் தேடி வந்தவர்

அறை சூடாக இருந்தபோதும் அந்த மனிதர் தன் மண்ணிற ஜக்கெட்டைக் கழற்றவில்லை. வலது முழங்கையில் ஒரு கிழிசல், கறுப்பு நூலால் நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. இளம் பெண்ணொருத்தியின் படத்தை மேசையில் வைத்து, ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். "மகள். கோவிச்சுக்கொண்டு போட்டாள் தம்பி. ஒருக்கா முகத்தைப் பாத்தாக் காணும்" என்றார்.

ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். அதை நடத்தியவர் என்னைவிட மிகவும் இளையவர். ஒஸ்லோவிலேயே பிறந்து, சில காலம் பொலிசில் வேலை பார்த்து, பிறகு தனியார் துப்பறிவாளரானவர். முதலாளி என்றாலும் என்னை 'அண்ணை' என்பார். நான் அவரைப் 'பிள்ளை' என்பேன். இங்கே சேர்வதற்கு முன் நான் ஒரு வணிக வளாகத்தில் காவலாளியாக இருந்தேன். அந்த வேலைக்கு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, பொலிசின் அனுமதியும் பெற்றிருந்தேன். ஆகவே புது வேலையின் முதல் நாளே, இதற்கு எங்கே அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்டு இஞ்சை இல்லை அண்ணை. கடை வாசலிலை நிக்கக் குர்ஸ், அதுதான் வகுப்பு, வேணும். ஒரு ஆளைத் தேடிப் பின்னாலை போக ஒண்டும் வேண்டாம். நாளைக்கே நீங்கள் கதவிலை பேரை ஒட்டலாம்." அவர் சிரிக்கவில்லை. "அதாலைதான் எங்களுக்கு நாங்களே சட்டம் போடவேணும்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்தான் என்னைப் பழக்கினார். பிறர் தகவலில் எதை வைத்திருக்கலாம், எதை அழிக்க வேண்டும் என்பதற்கான சட்டத்தை வரிவரியாகச் சொல்லித் தந்தார். வீட்டுக்குள் கமராவைத் திருப்பக்கூடாது, பொலிஸ் என்று நடிக்கக்கூடாது. நம் பின்னால் யாரும் வருகிறார்களா என்று அறிய ரயிலிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறவும், கடைக் கண்ணாடியில் தெருவைப் பார்க்கவும் பழக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார்: "ஆளைக் கண்டுபிடிச்சா, முதல் அந்த ஆளைக் கேக்கவேணும். அவை ஓம் எண்டாத்தான் மற்றவைக்குச் சொல்லலாம்."

ஜக்கெட்காரரிடம் முதலாளி நிறையக் கேட்டார். மகளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், சின்ன வயதில் எதற்குப் பயம், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி. எல்லாவற்றுக்கும் உடனே பதில் வந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இப்படிக் கேட்டால் பாதிக்கு நான் தடுமாறுவேன். அதை அந்த மனிதர் போன பிறகுதான் யோசித்தேன்.

அந்தப் பெண்ணின் முகவரி எந்தப் பதிவிலும் இல்லை. அவளுடைய பாதுகாப்புக்காகப் பொலிஸ் மூலம் மறைக்கப்பட்டிருக்கும் என்று முதலாளி சொன்னார். "அப்ப விடுவமே?" என்றேன்.

"நாங்கள் விட்டா இவர் இன்னொருத்தரிட்டைப் போவார். அவை அவவைக் கேக்காமலே முகவரியைக் குடுத்திடுவினம். தன்னைத் தேடுகினம் எண்டு அவவுக்குத் தெரியவேணும்."

பழைய சிநேகிதி ஒருத்தி மூலம், அவள் ஒரு பேக்கரியில் வேலை செய்வதை அறிந்தோம். பனி கொட்டிய ஒரு பிற்பகலில் இருவரும் போனோம். வழியில் இறங்கி ஏறினோம், கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டோம். முதலாளி தன்னை அறிமுகம் செய்து, "உங்கடை அப்பா எங்களிட்டை வந்தவர். உங்களுக்கு விருப்பமில்லாட்டி ஒண்டும் சொல்லமாட்டம்" என்றார்.

அவள் கையிலிருந்த தட்டை மெதுவாக வைத்தாள். "அப்பா மோசம் போயிட்டார். கொள்ளி வைச்சது நான்தான்."

பிறகு அந்த மனிதர் எப்படி இருந்தார் என்று கேட்டாள். வயதைச் சொன்னேன், நரைத்த மீசையைச் சொன்னேன். அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. ஜக்கெட்டைச் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"முழங்கையிலை தைச்சிருந்ததோ? வலது பக்கம்?"

"ஓம்."

"அது அப்பாவின்ரை. தைச்சது நான். புருசனிட்டையிருந்து ஓடி வரேக்கை அந்த வீட்டிலை விட்டிட்டு வந்தனான்." அவள் கதவைப் பார்த்தாள். "உங்களுக்குப் பின்னாலை ஆரும் வந்தவையோ?"

நான் சன்னல் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தேன். வெளியே தொப்பியால் முகம் மறைத்தவர்கள் பனியில் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது என் தொலைபேசி அடித்தது. அதே மனிதர். நாங்கள் அங்கே போவதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"மகளைக் கண்டனீங்களோ தம்பி? என்ன சொன்னவள்?"

முதலாளி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். "ஆரையும் காணேல்லை ஐயா" என்றார். மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "சரி" என்ற ஒரு சொல், அழைப்பு நின்றது.

முதலாளி அங்கிருந்தே பொலிசை அழைத்தார். அவர்கள் வரும்வரை பேக்கரியின் பின்னறையில், மா மூட்டைகளுக்கிடையில் அவளுடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றே அவளை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மனிதரின் இலக்கம் அதன் பிறகு இயங்கவில்லை. அப்படியொருவரைத் தனக்குத் தெரியாது என்று அவளுடைய கணவன் பொலிசிடம் சொன்னானாம். அவர் யாரென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

முதலாளி பிறகு பொலிசுக்கே திரும்பிப் போய்விட்டார். அலுவலகத்தை இப்போது நான் நடத்துகிறேன். இந்த வேலைக்கு என்ன படிக்கவேண்டும் என்று கேட்டு இளையவர்கள் வருகிறார்கள். இன்றும் அனுமதிப்பத்திரம் என்று ஒன்றில்லை என்றதும் அவர்களுடைய முகம் மலர்கிறது. ஆளைக் கண்டுபிடித்தால் முதலில் அந்த ஆளைக் கேட்கவேண்டும் என்பதிலிருந்து நான் தொடங்குகிறேன்.

ஒரு பெயரும் ஒரு படமும் இருந்தால், பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பெண்ணை மட்டும் நான் தேடிப் பார்த்ததில்லை. தேடினால் கிடைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.