பள்ளிவாசலுக்காக ஒரு ராமேஸ்வரம் முழுக்கு

ராமேஸ்வரம் போக வழி கேட்டு எழுதுகிறீர்கள். எண்பத்தைந்து வயதில் எனக்கு நன்றாக நினைவிருப்பது 1962 ஆவணியில் போன வழிதான். அதையே சொல்கிறேன்.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் முஸ்லிம் வீடுகள் பதினொன்று. தொழுகை ஓலைக் கொட்டகையில். மழைக்கு முன் பள்ளிவாசலுக்குச் சுவர் எழுப்பத் தொடங்கியதை, கலெக்டர் அனுமதி இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்து இந்துக்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று ராமநாதபுரத்தில் விசாரணை. பக்கத்து நிலத்துக்காரர் கருப்பையா மாமா (எங்கள் ஊரில் மதம் பார்த்து முறை வைப்பதில்லை) சாட்சி சொல்ல என்னோடு வந்தார்.

காலை ஆறு மணி பஸ். நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு ரூபாய் பத்து காசு. வழியெல்லாம் ஆடுகளை ஏற்றி இறக்கி ஒன்பதரைக்குத்தான் சேர்ந்தது. இறங்கியதும் மாமாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன், கையால் தள்ளிவிட்டார். யாராவது அவர் மனதைக் கெடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டேன்.

அலுவலகத்தில் அதிகாரி கேட்டார்: “அம்மன் ஊர்வலம் பள்ளிவாசல் கட்டுற தெரு வழியாத்தானே வருது? மேளத்தை நிறுத்தச் சொல்லித் தகராறு வராதா?”

“இப்பவே நிறுத்திட்டுத்தானய்யா போறோம்,” என்றார் மாமா. “அங்கன வந்ததும் இவுக பானக்கம் குடுப்பாக. வாயில பானக்கத்தை வச்சுக்கிட்டு எவன் நாயனம் ஊதுவான்?”

அதிகாரி சிரித்துவிட்டார். “அப்ப மேளத்தை நிறுத்தணும்னே நிபந்தனை எழுதிடுறேன்.”

“அப்படி எழுதாதீக. சட்டம்னு சொன்னா எவனாவது வம்புக்குன்னே ஊதுவான். வழக்கப்படி நடக்கும்னு எழுதுங்க.”

எனக்குக் கோபமான கோபம். கைக்கு வந்ததை இந்த மனுஷன் கெடுக்கிறாரே! அதிகாரி ‘வழக்கப்படி’ என்றே எழுதினார். மதியம் உத்தரவு கைக்கு வந்தது.

நான் பஸ் பக்கம் திரும்பினேன்.

“அங்கன எங்க போற மாப்ளே? ரயிலுக்கு வா. காயிதம் கிடைச்சா ராமேஸ்வரத்துல முழுகுறேன்னு வேண்டியிருக்கேன். அதுவரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாது.”

காலையில் அவரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், பாம்பன் பாலம் வழியாக. பொழுது சாயும் முன் அவர் அக்னி தீர்த்தத்தில் மூன்று முழுக்குப் போட்டார். எங்கள் பள்ளிவாசலுக்காக. அவர் சட்டையையும் எங்கள் உத்தரவையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்று அழுதேன்.

இப்போது சாலைப் பாலம் இருக்கிறது, ராமநாதபுரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். மாற்றுத் துணி மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மாமா எடுத்து வரவில்லை. என் பையிலிருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் சாமி கும்பிடப் போனார்.

மழைக்கு முன்னால் சுவர் எழும்பிவிட்டது. அந்த உத்தரவை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஊர்வலம் வந்தால் எங்கள் வாசலில் மேளம் நிற்கிறது. பானக்கத்துக்குத்தான்.