உளி பட்ட பாதம்

எங்கள் வயல்களுக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதர்களுக்குள் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர்விட்ட ஒரு முனிவரின் நினைவாக, அதில் இரண்டு பாதங்களைச் செதுக்கியிருந்தார்கள். எப்போது, யார் என்று எங்கள் ஊர்ச் சமணர் யாருக்கும் தெரியாது. கோடுகள் தேய்ந்துவிட்டன. தண்ணீர் ஊற்றினால்தான் விரல்கள் தெரியும். கையால் தடவித் தேடிக் கண்டுபிடித்த பிறகே கும்பிடுவோம். உடம்பையே வேண்டாமென்று விட்டவரை அப்படித் தேடுவதுதான் சரியென்று எனக்குப் படும்.

என் அண்ணனுக்கு அப்படிப் படவில்லை. காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் இந்தப் பாறையையும் பார்க்க வரவேண்டும் என்பது அவன் ஆசை. போன தை மாதம் ஒரு காலையில் அந்தப் பக்கம் உளிச்சத்தம் கேட்டு ஓடினேன். கல்தச்சர் ஒருவர் பாறையில் குந்தியிருந்தார். அண்ணன் அவருக்குக் குடை பிடித்து நின்றான். இடது பாதம் முடிந்துவிட்டிருந்தது. ஆழமாக, வெள்ளை வெளேரென்று, ஐந்து விரலுக்கும் நகம் வைத்து.

“இன்னாண்ணா பண்ணிக்கினு இருக்கே?”

“ஒண்ணுமே தெரியலன்னு வர்றவன்லாம் சிரிக்கிறான். ஆழமாக்கினா ரொம்ப காலத்துக்கு நிக்கும்.”

“நிக்கப்போறது அவரு கால் இல்ல. நீ கூலிக்கு வெட்டின கால்.”

“கட்டிக்கினு போனவளுக்கு இங்க இன்னா வேலை?”

அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். உட்கார்ந்து, வலது பாதத்தின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்தான். முழங்கை பாறையில் உரசி ரத்தம் வந்தது. நான் கையை எடுக்கவில்லை.

கல்தச்சர் உளிகளைச் சாக்கில் சுருட்டினார். “கூடப்பொறந்தவங்க அடிச்சிக்கிற எடத்துல நான் வேல செய்யமாட்டேன்பா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“இனிமே என் வாசப்படிய மிதிச்சிடாத,” என்றான் அண்ணன்.

“மிதிக்கல. நீ இன்னொரு வாட்டி இந்தப் பாறைல உளி வெச்சிப் பாரு.”

அவன் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, சுற்றிலும் இரும்புக் கம்பி போட்டு, தன் பெயரைப் பளிங்கில் பொறித்து மாட்டினான். இப்போது வருகிறவர்கள் வெள்ளைப் பாதத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் இன்னொன்று இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நானும் சொல்வதில்லை.

ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் கணவர் பெயர் மட்டும் எழுதி, ஆள் மூலம் அனுப்பினான். அவரையும் போகவேண்டாம் என்றேன்.