நாலு மாடிக்குக் கீழே ஒரு தாத்தா

ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் அன்று விடியற்காலைதான் பேத்தி பிறந்திருந்தாள். தாத்தாவோ அதே கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல் கிடையாது. துணி தேய்க்கும் சூடான உருளைக்கு இந்தப் பக்கம் அவர் விரிப்புகளைக் கொடுக்க, அந்தப் பக்கம் ஒருத்தி வாங்கி மடிப்பாள். உருளை ஓடும்வரை இருவரும் நகரக்கூடாது. அது கூடத்துச் சட்டம். அடுத்த ஆள் வர ஆறு மணியாகும். பார்வை நேரம் ஐந்தோடு சரி. நாளைக் காலை சம்பந்தியம்மா தாயையும் பிள்ளையையும் தன் ஊருக்குக் கூட்டிப் போகிறார். அப்போதும் இவர் இங்கேதான் நிற்பார்.

போனில் மனைவி சிரித்தாள். "மூக்கு அப்படியே உங்க மூக்குங்க. பாவம் பொண்ணு!"

"நான் அனுப்பின துணி வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. பச்சப் புள்ள துணிக்கு யாராச்சும் கஞ்சி போடுவாங்களா? தகரம் மாதிரி நிக்குது!"

சந்தோஷத்தில் டாக்டர்களின் கோட்டுகளோடு அதையும் கஞ்சியில் முக்கிவிட்டிருந்தார் மனுஷன்.

எதிர்ச்சுவரில் சாக்பீஸ் எழுத்துகள். இங்கே வேலை பார்க்கும் மூன்று பாஷைக்காரர்கள் ஆறு வருஷமாகச் சேர்த்த, ஒரே மாதிரி ஒலிக்கும் குட்டி வார்த்தைகள். நடுவில் 'கல்'. இவருக்கு அது கல். மடிக்கிறவளின் இந்தியில் நாளை, கேட்டால் நேற்றும் அதுதான் என்பாள். பாய்லர் பார்க்கிறவனின் துருக்கியிலோ 'இரு, போகாதே'. மூன்று 'கல்'லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றே இவர் நம்பியிருந்தார்.

"இல்லண்ணே, முகம்தான் ஒண்ணு. பொறந்த வீடு வேற வேற" என்று பாய்லர்காரன் ஒருநாள் போட்டு உடைத்தான்.

இன்றைக்கு மூன்று அர்த்தமும் சேர்ந்து அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தன. மேலே ஒருத்தி அவர் மூக்கோடு படுத்திருக்கிறாள். மணி நாலே முக்கால்.

மடிக்கிறவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உருளை நின்றது.

"என்னம்மா ஆச்சு?"

"ரிப்பேர், அண்ணா." அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "மேலே போ. மெக்கானிக் கூப்பிடு. மெதுவா கூப்பிடு."

உருளை நின்றால் ஒருவர் மேலே போகலாம். அதுவும் சட்டம்தான். அவள் ஒரு சின்னத் துணியை அவர் கையில் திணித்தாள். "இது கஞ்சி இல்ல."

லிஃப்டுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. மூச்சிரைக்க நாலு மாடியும் ஏறிப் போய், துணியை விரித்துப் பேத்தியை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"பாவம் பொண்ணு" என்றார்.

கீழே உருளை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.