ஒன்று, நாலு, ஐந்து: அண்ணாமலையில் ஒரு வரவேற்புக் கச்சேரி

திருவண்ணாமலை போகத் திட்டமிடுகிறவர்களுக்கு என் பழைய கணக்கு எவ்வளவு உதவும் என்று தெரியவில்லை. நான் போனது அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம். ஒரு கல்யாண வரவேற்பில் பாட என் மனைவி சரோஜாவைக் கூப்பிட்டிருந்தார்கள். டைபாய்டில் படுத்து எழுந்ததிலிருந்து அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. "இது ஒண்ணு பாடிப் பாக்கறேன். சரியா வரலைன்னா பாட்டையே விட்டுடறேங்க" என்று சொல்லியிருந்தாள். நான் கிதார் வாசிப்பவன். அவள் விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

காலை ஆறு மணிக்குச் சென்னையில் பஸ். ஆளுக்கு ஐந்தேகால் ரூபாய், நூற்றிருபது மைல், ஆறு மணி நேரம். செஞ்சி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வெயிலில் மங்கலாக மலை தெரிந்தது. பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்புவது போலிருந்தது. நான் பாதித் தூக்கத்தில் பாட்டு வரிகளுக்கு மேல் எண்கள் எழுதிக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் எந்தக் கார்ட், அதாவது கிதாரில் சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு, என்று எழுத்தால் குறித்தால், சுருதி மாறும்போது தாள் முழுவதையும் திருத்த வேண்டும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாடுகிறவரின் சட்ஜம் ஒன்று. அதிலிருந்து எண்ணினால் நாலு, ஐந்து.

மூன்று மணிக்குத் தேரடி வீதி மண்டபத்தில் ஒத்திகை. ஆர்மோனியத்துக்கு உள்ளூர்க்காரர் ஏகாம்பரம், நாடகக் கம்பெனிகளில் இருபது வருடம் வாசித்தவர். என் தாளை அவர் முன்னால் வைத்து, ஒரு கட்டை சுருதியில், அதாவது ஆர்மோனியத்தின் முதல் கட்டையே சட்ஜமாக, பார்த்தோம். பிசகே இல்லை.

"ரொம்ப சுலபமா இருக்குதுங்க. ஜாஸ்தி யோசிக்கவே வேணாம்" என்றார். நான் பூரித்துப் போனேன்.

ஏழு மணிக்குக் கச்சேரி. முதல் பாட்டிலேயே சரோஜாவுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. "ஒண்ணுக்குக் கீழ இருக்கற ஆறு கட்டைக்கு இறக்கிடலாங்க" என்றாள். ஏகாம்பரத்திடமும் சொன்னேன், தலையாட்டினார். இரண்டாவது பாட்டை அவள் கீழே தொடங்கினாள். ஆர்மோனியம் பழைய இடத்திலேயே ஒலித்தது. அவள் பாதி வரியில் நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஏகாம்பரத்தின் விரல்களை எட்டிப் பார்த்தேன்.

என் எண்களை அவர் ஆர்மோனியக் கட்டை எண்களாகவே வாசித்திருக்கிறார். ஒரு கட்டையில் பாடும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, அதனால்தான் ஒத்திகையில் தெரியவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அந்தப் புண்ணியவான் நான்தான்.

குனிந்து, "அண்ணே, அது கட்டை இல்லீங்க. அவங்க எங்க நிக்கறாங்களோ அதான் ஒண்ணு" என்றேன்.

ஏகாம்பரம் கண்ணை மூடினார். "அப்டினா ஒண்ணு ஆறுல, நாலு ரெண்டுல, அஞ்சு மூணுல வருது. நீங்க பாடுங்கம்மா, நான் வந்துடறேன்."

பாடினாள். நான் அதுவரை கேட்டறியாத தாழ்ந்த குரல், நிதானமாக மண்டபத்தில் பரவியது. சாப்பிட்டு எழுந்தவர்கள் எச்சில் கையோடு வாசலில் நின்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கிரிவலம். எட்டே முக்கால் மைல், நின்று நின்று போனால் நாலு மணி நேரம். வெறுங்காலோடு நடப்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். வாத்தியத்தோடு போகிறவர்கள் ஒத்திகையை இரண்டு சுருதியில் பாருங்கள். ஒன்றில் சரியாக வந்துவிட்டால் நம்பிவிடாதீர்கள்.

அடி அண்ணாமலை பக்கத்தில் பனி இறங்கி, மலையும் வழியும் ஒன்றாகக் கிடந்தன. சரோஜா சொன்னாள்: "குரல் இறங்கிடுச்சேனு ஆறு மாசமா அழுதுட்டிருந்தேன். நான் எங்க நிக்கறனோ அதான் ஒண்ணுன்னு இத்தனை நாளா எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம் இல்லீங்களா."