ஒரு மணிக்கு எத்தனை காஜா?

சட்டையில் பொத்தான் நுழையத் துளை வெட்டி, அதன் ஓரத்தை நூலால் கட்டும் வேலைக்குக் காஜா என்று பெயர். அதில் ரயிலக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. மற்றவர்கள் மணிக்கு எட்டுப் போட்டால் இவள் பதினாலு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

அந்த வேகம் ஆசைப்பட்டு வந்ததல்ல. மூன்று பிள்ளைகள், வேலை போன கணவன், எண்ணிக்கைக்குக் கூலி. கை நின்றால் அடுப்பும் நின்றுவிடும். அதனால்தான், குறைந்தபட்சக் கூலி கேட்டுப் பெண்கள் ஊர்வலம் போனபோதெல்லாம் பதாகையைத் தூக்கிக்கொண்டு இவளே முன்னால் ஓடினாள். இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தி, ஒருவழியாகச் சட்டம் வந்தது.

வந்த சட்டத்தில் ஒரு வில்லங்கம். மணிக்கு இத்தனை காஜா என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதுவார். அத்தனையும் போட்டால்தான் அந்த மணிக்கு முழுக் கூலி. யாரை உட்காரவைப்பது என்பது முதலாளி இஷ்டம். அவரா விடுவார்? "நம்ம ரயில்தான்!" என்றார்.

மாடித் தையல் அறையில் இருந்த பன்னிரண்டு பெண்களும் ஊசியை வைத்துவிட்டு ரயிலக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணி, நீங்க பதினாலு போட்டா நாங்க எல்லாம் தொலைஞ்சோம். மெதுவாத் தைக்கப் பழகுங்க," என்றாள் அவர்களில் ஒருத்தியான நாத்தனார்.

மூன்று நாள் பழகினாள். மெதுவாக நடந்தாள், மெதுவாகச் சாப்பிட்டாள். கணவன் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"உடம்புக்கு என்ன?"

"பயிற்சிங்க, பயிற்சி!" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அதிகாரி கடிகாரத்தை மேசையில் வைத்தார். பத்து நிமிஷம் ஆமை நடை. பிறகு அந்தப் பாழாய்ப்போன கை யார் பேச்சைக் கேட்டது? பிய்த்துக்கொண்டு ஓடியது. நாத்தனார் இருமினாள், தும்மினாள், மேசைக்கடியில் காலை மிதித்தாள். மணி முடிந்தபோது பதினாலு, ஒன்றுகூடக் குறையவில்லை. ரயிலக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இது என்ன பிரமாதம் சார்? நானும் ஒரு தொழிலாளிதான். மணிக்கு இருபது போட்டவன்!"

ரயிலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்படியா முதலாளி? சார் எதிர்லயே போட்டுக் காட்டுங்களேன். நாங்களும் கத்துக்கறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மனுஷன் உச்சி குளிர்ந்து, கோட்டைக் கழற்றி உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்கவே கால் மணி ஆயிற்று. கட்டைவிரலில் குத்திக்கொண்டு, அதைச் சப்பிக்கொண்டே தைத்தார். மணி முடிந்தபோது இரண்டு காஜா, அதிலும் ஒன்று கோணல்.

அதிகாரி சிரிக்காமல் எழுதினார். "ரெண்டு பேர், பதினாறு காஜா. அப்போ சராசரி மணிக்கு எட்டு."

"சார், என்னை எதுக்குச் சேக்கறீங்க?"

"நீங்களும் தொழிலாளின்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. நாத்தனார் ரயிலக்காவைத் தூக்கிச் சுற்றினாள். இருவரும் துணிக்குவியலில் விழுந்தார்கள்.

மறுநாள் ரயிலக்கா எட்டாவது காஜாவை முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணியடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அந்த மணிக்கு உரிய முழுக் கூலி உறுதியாகிவிட்டது. ஒன்பதாவதைக் கையில் எடுத்தவளுக்கு, பழகாமலே மெதுவாகத் தைக்க வந்தது.