சோளம் காய்ந்த மைதானம்

கரியாலூர் அருவிக்கு இறங்குகிற பாதையில் பாதி தூரத்திலேயே என் மகள் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த பிள்ளைகள் கீழே தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு மார்பு ஏறி இறங்குகிறது, முகமெல்லாம் வியர்வை. ஆறாவது படிக்கிற பெண். "யம்மா, நான் இங்கயே குந்திக்கினு இருக்கறன், நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள். பிள்ளையை இப்படி விட்டுவிட்டு எனக்கென்ன அருவி வேண்டிக் கிடக்கிறது! நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், என்னைத்தான் திட்டினார். "பள்ளிக்கூடம் வுட்டா செல்லு, செல்ல வெச்சா டிவி. இப்பிடியே வுட்டா சின்ன வயசுலயே சக்கர வந்துடும்மா. தெனமும் ஓடி ஆடட்டும்." சர்க்கரை செய்ததை நான் கண்ணால் பார்த்தவள். என் அப்பாவுக்கு முதலில் கால் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முழங்காலோடு எடுத்தார்கள். கட்டிலிலேயே கிடந்து செத்தார். என் பிள்ளையின் கால் அந்தக் கதிக்குப் போகக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஓட விடச் சொல்லிவிட்டார் டாக்டர். எங்கே ஓடுவது? வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். தெருவெல்லாம் சிமெண்ட், வீட்டுக்கு இரண்டு வண்டி. இருப்பது பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். அறுப்புக் காலத்தில் அது ஊருக்குக் களம். களம் இருந்த இடத்தில் எப்போதோ வீடு கட்டிவிட்டார்கள். அதனால் மைதானம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து மக்காச்சோளத்தைக் கொட்டி, காலால் கிளறிக் காய வைப்பார்கள். விளையாட்டுப் பீரியடில் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சோளத்தைப் பார்க்கும்.

தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். "நான் வெளியூருங்க, ஊர்க்காரங்க நீங்களே பேசிக்கங்க" என்று கழன்றுகொண்டார். பேசினேன். எவர் காதிலும் ஏறவில்லை. "சோளத்த இன்னா, உன் தல மேலயா காயப் போடறது?" என்று ஒரு பெரியவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! மறுநாள் விடிந்ததும் கூடையோடு போய், முதலில் எங்கள் சோளத்தை அள்ள ஆரம்பித்தேன். என் புருஷன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இன்னாடி, பைத்தியம் புடிச்சிடுச்சா? இத எங்க கொண்டும் போய்க் கொட்டறது?"

"ரோட்டுல கொட்டுங்க!"

வெட்கமோ, என் வாய்க்குப் பயமோ, ஒவ்வொருவராக எல்லாரும் அள்ளினார்கள். அந்த வாரத்துக்குள் மைதானம் காலி.

அப்புறம் சாயங்காலங்களைப் பார்க்க வேண்டுமே! கோகோவும் கபடியுமாக ஒரே புழுதி. என் மகள் முதலில் அரைச் சுற்று ஓடி நின்றாள். பிறகு ஒரு சுற்று. பிறகு நிற்கச் சொன்னால்தான் நின்றாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே, "யம்மா, மழ பெஞ்சி அருவில தண்ணி வந்ததும் போலாமா? இந்த வாட்டி நான் கீழ வரைக்கும் எறங்கிடுவன்" என்றாள். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

சோளம் தார் ரோட்டில் காய்ந்தது. மேலே வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வைப்பார்கள். சாயங்காலம் சோளத்தை மூட்டை கட்டுவார்கள்; கல்லை மட்டும் எடுக்க மாட்டார்கள். கல் கிடந்தால்தான் மறுநாளும் அந்த இடம் நம்முடையது. எடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பாயை விரித்துவிடுவான்.

அன்றைக்கு ஆட்டம் முடிய இருட்டிவிட்டது. அவளைக் கூட்டிவர என் புருஷன்தான் வண்டி எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது எதிரே டிராக்டர், கண் கூசும் விளக்கு. ஓரமாக ஒதுங்கியிருக்கிறார். அங்கே கல். எங்கள் கல்தான், காலையில் அவர் கையாலேயே தூக்கி வைத்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கடியில் மாட்டியது என் பிள்ளையின் வலது கால்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். முட்டி இனி மடங்காது என்றார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து, "நான்தான் வெச்சன், நான்தான் வெச்சன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் மனசு வரவில்லை. எந்தக் காலுக்குப் பயந்து ஓட விட்டேனோ அந்தக் காலே போயிற்று.

ஊருக்குக் கேட்க வேண்டுமா? "பொட்டப் புள்ளைய ஓட வுட்டா இப்பிடித்தான்" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ரோட்டில் கிடந்த கல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த அறுப்பும் வந்தது. என் மேல் பாவமோ என்னவோ, மைதானத்தில் யாரும் சோளம் கொட்டவில்லை. ரோட்டிலேயே காய்கிறது. அதே கற்கள். சாயங்காலம் எங்கள் தெரு வரைக்கும் நான் கல்லைத் தள்ளிவிட்டு வந்தால், காலையில் திரும்ப வைத்திருக்கிறார்கள். மைதானத்தைக் கேட்டது தப்பென்று யார் சொன்னாலும் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உட்கார வைக்காதீர்கள், தினமும் நடக்க வையுங்கள் என்று டாக்டர் திரும்பவும் அதையேதான் சொல்கிறார். அதனால் சாயங்காலமானால் அவளைக் கூட்டிப்போகிறேன். அவ்வளவு பெரிய மைதானத்தில் நாங்கள் இரண்டே பேர். அவள் காலை இழுத்து இழுத்து நடப்பாள். நான் பக்கத்தில் நடப்பேன். நேற்று பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள். வலிக்கிறதா என்றேன். இல்லையென்று தலையாட்டினாள். காலியான வராந்தாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, சோளத்த இங்கயே வந்து கொட்டச் சொல்லும்மா" என்றாள். "கெளறவாச்சும் யாராச்சும் வருவாங்க இல்ல."